துர்காஷினிக்குச் சொன்ன புத்தி

என்றும் அன்பு மாறாத மீனாட்சி அக்காவுக்கு,

ஜெலுத்தோங்கிலிருந்து தங்கை சாந்தினி எழுதிக்கொள்வது. என் முட்டி வலியைத் தவிர இங்கு எல்லாரும் சுகம். கெப்பாலா பத்தாஸில் அத்தானின் சர்க்கரையும் உன் கோபமும் குறைந்திருக்க முருகனை வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பக் குழுவில் போய் ஊரே சிரிக்கும் என்பதால் கடிதம்.

உன் மகள் துர்காஷினி பயிற்சி ஆசிரியையாகப் போன பள்ளியில், அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்த டீச்சரின் அட்டகாசத்தை நீ சொன்னதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. தன் பாடங்களையெல்லாம் பிள்ளை தலையில் கட்டிவிட்டுக் கேண்டீனில் உட்கார்ந்திருக்கிறாளாம், தன் மகனை டியூஷனிலிருந்து கூட்டிவரச் சொல்கிறாளாம், பிள்ளை படிப்பையே விட்டுவிட்டு ஃபேக்டரிக்குப் போகிறேன் என்று அழுகிறதாம். மனுஷியா அவள்?

என்னிடமும்தான் காமினி என்று ஒரு பயிற்சி ஆசிரியை இருக்கிறாள். முதல் நாளே "என்னை அம்மா மாதிரி நெனச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டேன். என் நான்காம் ஆண்டு வகுப்பை முழுசாக அவளிடம் ஒப்படைத்தேன், அவ்வளவு நம்பிக்கை. பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து நான் குறிப்பெழுத வேண்டும் என்பது விதி, ஆனால் நான் உட்கார்ந்தால் பிள்ளை பதறுமே என்று ஆசிரியர் அறையிலேயே இருந்துகொண்டேன், குறிப்பையும் அவளையே எழுதச் சொன்னேன், தன் குறையைத் தானே கண்டுபிடித்தால்தானே வளர்ச்சி! தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் எங்கள் அன்னதானப் பந்தலில் வெங்காயம் உரித்து, அண்டா கழுவினாள், அந்தப் புண்ணியமெல்லாம் அவளுக்குத்தான். என் மகன் குகனை அவளும்தான் டியூஷனிலிருந்து கூட்டிவருகிறாள், அது வேறு, அது பாசம். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள்? அடுத்த வாரம் ஒரு பட்டறையில் வழிகாட்டி ஆசிரியர்களுக்கு நல்லுறவைப் பற்றி நான் பேச வேண்டும், சிலைடெல்லாம் காமினி செய்துவிட்டாள்.

நேற்று அவள் என் காரை ஓட்ட, பசாருக்குக் காய்கறி வாங்கப் போகும் வழியிலேயே துர்காஷினிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் பேசினேன்.

"பயப்படாத லா. காலேஜ் லெக்சரர் உன்னப் பார்க்க வரும்போது நேரா சொல்லிடு. 'நான் படிச்சுக்கொடுக்கக் கத்துக்க வந்தேன், இவங்களுக்கு வேலைக்காரியா வரல'ன்னு சொல்லு."

"டீச்சர் மார்க்க கொறச்சிட்டா நான் பெயிலாயிடுவேன் சின்னம்மா."

"கொறைக்கட்டும் பார்ப்போம்! நீ வாயத் தொறக்காததாலதான் ஏறி மிதிக்கிறாங்க."

காமினி சிக்னலில் காரை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "ரொம்ப நல்லா சொன்னீங்க டீச்சர்" என்றாள். பச்சை விழுந்து பின்னால் ஹார்ன் அடித்தும் வண்டியை எடுக்கவில்லை. என் பேச்சில் அப்படி மயங்கிப்போனாள்.

ஆகவே அக்கா, துர்காஷினியைத் தைரியமாகப் பேசச் சொல். இந்தக் கடிதத்தைக் காமினியே உன் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் நான் சொன்னால் தட்டமாட்டாள்.

அத்தானுக்கு என் வணக்கம். துர்காஷினி நல்ல டீச்சராகி நூறு பிள்ளைகளை ஆளாக்க என் ஆசி.

அன்புத் தங்கை,
சாந்தினி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் காமினியின் விரிவுரையாளர் பள்ளிக்கு வந்துவிட்டார். "எல்லாம் நல்லா போகுதாம்மா?" என்று கேட்டார். என் பக்கத்தில் நின்றுகொண்டே அவள், "நான் படிச்சுக்கொடுக்கக் கத்துக்க வந்தேன் சார், இவங்களுக்கு வேலைக்காரியா வரல" என்றாள். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு வார்த்தை குறையவில்லை. திங்கட்கிழமை தலைமையாசிரியர் என்னை அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். கடிதத்தை நானே தபாலில் போடுகிறேன். துர்காஷினி என் போனை எடுக்கவில்லை, நீயே அவளிடம் சொல்லிவிடு, வாயைத் திறக்க வேண்டாம், கொஞ்சம் பொறுத்துப் போகட்டும். அந்த டீச்சருக்கும் முட்டி வலி இருக்கும், பாவம்.