எட்டாயிரமும் பிஸ்கட்டும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கௌதம் அவர்களுக்கு,

திருமுல்லைவாயிலிலிருந்து மாமனார் வேம்புலி எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை புஷ்பா, நீங்கள் தோஹா போகும்போது எங்களிடம் விட்டுப்போன நாய் பிஸ்கட், மூவரும் நலம். வாட்ஸ்அப் என்றால் என் மகள் ஜோதிகா படித்துவிடுவாள் என்பதால் உங்கள் ஆபீஸ் மெயிலுக்கு எழுதுகிறேன்.

பிஸ்கட்டை நீங்கள் அங்கிருந்தே பார்க்க ஹால் கேமராவுக்காக ரவுட்டரில் போர்ட் திறக்கச் சொன்னீர்கள். வெளியிலிருந்து வருகிற ஆளை எந்தக் கதவுக்கு அனுப்ப வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லிவைப்பதுதான் அது என்று விளக்கினீர்கள், எனக்கும் புரிந்தது, புரிந்ததுதான் வினை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் மெஷின் ஓட்டினவனுக்கு இந்தக் கையகல டப்பா எம்மாத்திரம் என்று ராகு காலம் முடிந்ததும் உட்கார்ந்தேன். நீங்கள் கொடுத்த எண் 8000. எனக்கு எட்டு ஆகாது, கூட்டினால் எட்டு வருகிறதென்று நல்ல பைக்கையே வேண்டாம் என்றவன் நான். ஆகவே 9000 என்று போட்டேன். கேமரா 8000-ல் காத்திருக்க, ரவுட்டர் 9000-ல் போய்த் தட்ட, எப்படித் திறக்கும்? புஷ்பா, "எட்டு ஆவாதுன்னா எட்டு மணிக்கு இட்லி மட்டும் இன்னாத்துக்கு எறங்குது?" என்றாள். ரோஷம் வந்து டப்பாவின் பின்னால் இருந்த ரீசெட் பொத்தானை ஊக்கால் குத்தினேன், எல்லாம் அழிந்து வீட்டு நெட்டே போய்விட்டது. மாடியில் குடியிருந்து நம் நெட்டிலேயே ஆபீஸ் வேலை பார்க்கும் நாகவல்லி மீட்டிங்கிலிருந்து ஓடிவந்து, "அங்கிள், எங்க மேனேஜர் வாயத் தொறந்தபடியே நின்னுட்டாரு" என்றாள். நல்லதுதானேம்மா என்றேன், அவள் சிரிக்கவில்லை. அப்புறம் நெட்காரர் வந்து நெட்டை மட்டும் உயிர்ப்பித்தார்.

ஆகையால் கேமரா கிடையாது, என் வாக்குதான் கேமரா. பிஸ்கட்டுக்கு டாக்டர் சொன்ன உலர் தீனி தவிர வேறில்லை, கறி வாசனைகூடக் காட்டுவதில்லை. கண்ணால் பார்க்க முடியாவிட்டால் பூந்தமல்லியில் நாய் ஹாஸ்டலில் விட்டுவிடுவேன் என்று நெட் போன அன்றே புஷ்பாவிடம் சொன்னாளாம் ஜோதிகா. மாப்பிள்ளை, ரிட்டயரான பிறகு என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிற ஜீவன் இந்த வீட்டில் அவன் ஒருத்தன்தான். அவனை அனுப்பினால் எனக்குத் தாங்காது, நீங்கள்தான் அவளிடம் பேச வேண்டும்.

உங்கள் இருவரையும் முல்லைவாயில் ஈஸ்வரன் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
மாமனார் வேம்புலி

பி.கு.: இதை அனுப்பும் நேரம் புஷ்பா வந்து, "நெட்டு வந்த அன்னிக்கே ஜோதிகாவக் கேட்டுகினு நானே எட்டாயிரம் போட்டுட்டேன், ஒரு வாரமா ரெண்டு பேரும் பாத்துகினுதான் கீறாங்க" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, நேற்று ஈரல், எல்லாம் பார்த்தாயிற்றாமே. எனவே மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். இப்போது கேமராவைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறேன், பாருங்கள். பக்கத்தில் பிஸ்கட்டும் நிற்கிறான். அவன் வாயில் இருப்பது எலும்புதான், மறைக்கவில்லை. இனிமேல் கொடுக்கமாட்டேன், அவனை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.