சொல்தாவின் ஒற்றை ஆடு

ஆடுபுலி ஆட்டத்தை டிவிக்குள் இறக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றிய நேரத்தில், சொல்தா ஒரு டீக்கடை பெஞ்சின் மேல் சப்பணமிட்டு மறியல் செய்துகொண்டிருந்தார். பெஞ்சில் யாரோ சாக்பீஸால் ஆட்டக்கட்டம் வரைந்திருந்தார்கள். "என் ஆட்டை என்னைக் கேக்காம ஆடுறானுவ" என்பது புகார். போலீஸ் வந்தும் எழவில்லை.

காரைக்காலில் ஆட்டுக்காகக் கோர்ட் ஏறியவர்கள் பலர். புளியங்கொட்டை ஆட்டுக்காக ஏறியவர் அவர் ஒருவர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் என்பதால் ஊருக்கு அவர் சொல்தா, அதாவது சிப்பாய். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

அவர் பரப்பிய ஆட்டத்தில் ஒரு தனி விதி. புலி முதலில் வெட்டும் ஆடு அடுத்த முறையிலேயே கட்டத்துக்குத் திரும்பி வரும். அதை வைக்கும்போது "சூசை வந்துட்டான்!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அச்சாபீஸ் பாய் இந்த விதியைக் காலண்டரின் பின்பக்கம் அச்சடித்தார், சூசையை விட்டுவிட்டு. சொல்தா வழக்குப் போட்டார்.

"காலங்காலமா ஊரே ஆடுற ஆட்டம்யா இது" என்றார் பாயின் வக்கீல்.

"ஆட்டம் ஊருதுங்க. அந்த ஒத்தை ஆடு என்னுது."

வழக்கு தள்ளுபடி. மறுநாளிலிருந்து அச்சாபீஸ் வாசலில் காலையும் மாலையும் "சூசை வந்துட்டான்!" என்று கூவினார். பாய் காலண்டரையே நிறுத்திவிட்டார்.

பாரிசிலிருந்து மாமா மகன் கொண்டுவந்த, டிவியில் மாட்டும் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் சும்மா கிடந்தது. கல்லூரி விடுமுறையில் அதில் ஆட்டத்தை எழுதி முடித்தேன். சொல்தா வாசலில் நின்றார்.

"ஆடு திரும்புதா?"

"திரும்புதுங்க."

"பேரு?"

"தமிழ் எழுத்தைப் புள்ளி புள்ளியா வரையணுங்க. இதோட மெமரி துளியூண்டு, எடம் இல்ல."

"புலி உறுமுறதுக்கு மட்டும் எடம் இருக்கோ? பேரில்லாம என் ஆட்டை உள்ள வுட்டேன்னு வையி, கோர்ட்டுல பாக்கலாம்."

எனக்கா யோசனைக்குப் பஞ்சம்? அந்த விதியையே எடுத்துவிட்டேன். இனி இது வெறும் ஊர் ஆட்டம், வழக்குக்கு வழியில்லை. அடுத்த வாரம் வந்து டிவி முன் உட்கார்ந்தார். புலி முதல் ஆட்டை வெட்டி உறுமியது. சொல்தா கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"எப்ப வருவான்?"

"அது வராதுங்க. எடுத்துட்டேன்."

அவர் சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சூசை நம்ம குரும்பகரத்து ஊர்க்காரன். இந்தோசீனா சண்டையில என் பக்கத்துலதான் படுப்பான். சட்டைப் பொத்தானை வெச்சு ஆடுவோம். 'ஒரு ஆடாவது திரும்பி வரட்டும்டா'ன்னு இந்த விதிய வெச்சவனே அவன்தான். ரோந்து போனான். ஒடம்பு கூட வரல."

"அப்ப ஆடு அவரோடதுங்களா?"

"அவன் வர்ற வரைக்கும் என்னுது."

எழுந்து செருப்பை மாட்டினார். "பென்ஷனுக்காக வருசா வருசம் போயி, உசுரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன். சூசைக்கு யாரு போடுவா?"

இந்த வருடம் சொல்தா கையெழுத்துப் போடப் போகவில்லை. ஐப்பசி அடைமழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

இன்று புலியின் உறுமலை அழிக்கப்போகிறேன். சூசைக்கு இடம் கிடைத்துவிடும். மிச்ச இடத்தில், இரண்டாவதாக வெட்டுப்படும் ஆட்டையும் சொல்தா என்ற பெயரோடு திரும்ப வரவைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். விதியை மாற்ற அவர் ஒப்பமாட்டார், வழக்குப் போடுவார்.

போடட்டும். வந்து போடட்டும்.