விண்வெளி நற்பெயர்த் துறை

உலகத்தில் நியாயமே இல்லை என்று புலம்புகிறவர்கள் ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்கு வந்து போக வேண்டும். நியாயத்தை நாங்கள்தான் தயாரிக்கிறோம். இரண்டாவது மாடியில், லிப்டுக்கு எதிரே.

நாங்கள் செய்வது கம்ப்யூட்டர் விளையாட்டு. ஆடுகிறவர் கையில் ஒரு விண்கலத்தைக் கொடுத்துவிடுவோம். அவர் கிரகம் கிரகமாகப் போய்ச் சரக்கு வாங்கி விற்கலாம். வழியில் ஆசைப்பட்டால் நாலு பேரைச் சுடலாம். சுட்டால் பெயர் கெடும், சரக்கு கொண்டுபோய்க் கொடுத்தால் பெயர் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்கென்றே 'நற்பெயர்த் துறை' இருக்கிறது. அதன் தலைவன் அடியேன்.

எங்கள் விண்வெளியின் மேன்மையைச் சொல்ல ஒரு வாய் போதாது. சாட்சியே இல்லாத ஏதோ ஒரு மூலையில் சுரங்கச் சங்கத்துக் கப்பல் ஒன்றை நீங்கள் சுட்டால், புகை அடங்குவதற்குள் அந்தச் சங்கத்தின் கடைசி உறுப்பினர் வரைக்கும் தெரிந்துவிடும். உங்கள் கப்பலை நிறுத்த இடம் தர மாட்டார்கள். அதற்காக மனம் தளர வேண்டாம். இருபது பெட்டி இரும்பைக் கொண்டுபோய் இறக்குங்கள். "வாங்க நண்பரே" என்று அதே சங்கம் கதவைத் திறக்கும். செத்தவனின் தம்பியே வந்து பெட்டியை இறக்குவான். நம் சொந்தக்காரர்களோ, விசேஷத்துக்குக் கூப்பிட்டது சரியில்லை என்று மூன்று தலைமுறைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். விண்வெளியில் அந்தச் சிறுபுத்தியெல்லாம் கிடையாது.

இப்படிப்பட்ட ஏற்பாட்டிலும் குறை கண்டவர் ஒருவர் உண்டு. சோதனைப் பிரிவு அக்கா. விளையாட்டு வெளியே போகும் முன் ஆடிப் பார்த்து, தப்பு இருந்தால் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஒப்பந்த ஊழியர். வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள். இந்த விளையாட்டு முடிந்ததும் வேலை நிரந்தரமாகும் என்று நிர்வாகி சொன்னதை நம்பிக் காத்திருந்தார். ஒரு நாள் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"சார், ஒரு கிரகத்துல இருந்த மருந்து மொத்தத்தையும் நானே வாங்கிப் பதுக்கிட்டேன். அங்க ஜனங்க பாதிப் பேர் செத்துட்டாங்க."

"சரி, அப்புறம்?" என்றார் நிர்வாகி.

"அதே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா அவங்களுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னை 'உயிர் காத்த உத்தமர்'னு அறிவிச்சு, சிலை வெச்சுட்டாங்க."

"சிலை நல்லா வந்திருக்கா?"

"மூக்கு மட்டும் பின்னாடி செவுத்துக்குள்ள போயிருக்கு."

"அதைத் தப்புன்னு எழுதுங்கம்மா. மத்ததெல்லாம் சரியாத்தான் வேலை செய்யுது."

நிர்வாகி தொலைநோக்கு உள்ளவர். இவ்வளவு உயர்ந்த நீதியை விளையாட்டுக்குள் அடைத்து வைப்பது சுயநலம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அடுத்த வாரமே அலுவலகத்துக்கும் அதே முறை வந்தது. வரவேற்பறைச் சுவரில் பெரிய திரை. அதில் எங்கள் எல்லோருடைய பெயரும், பெயருக்கு நேரே தகுதியும்: எதிரி, அந்நியர், அறிமுகமானவர், நண்பர், உத்தமர். உதவினால் ஏறும், இடைஞ்சல் செய்தால் இறங்கும். தகுதியைப் பார்த்துத்தான் கதவுகள் திறக்கும். அந்நியருக்குக் காபி இயந்திரம்கூட வெந்நீர் மட்டுமே தரும்.

இதில் முதலில் உயர்ந்தவர் 'தீயணைப்பு' என்று நாங்கள் செல்லமாக அழைக்கும் புரோகிராமர். காலையில் எதையாவது கெடுப்பார், சாப்பாட்டுக்குப் பிறகு சரி செய்வார். கெடுத்தது யாரென்று கேட்கத் திரைக்குத் தெரியாது. சரி செய்தது யாரென்று மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும்.

அக்காவோ தினமும் தப்பு கண்டுபிடித்தார். ஒவ்வொரு தப்பும் புரோகிராமர்கள் மேல் தொடுத்த தாக்குதலாகப் பதிவானது. ஓவியப் பிரிவு அவர்களுடைய நட்பு அணி, ஆகவே அங்கேயும் அக்காவின் பெயர் கெட்டது. ஒரே வாரத்தில் வெந்நீருக்கு வந்துவிட்டார்.

"சார், தப்பு கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளம் தர்றீங்க?" என்று நிர்வாகியிடம் கேட்டார்.

"தாராளமா கண்டுபிடிங்க. யாரும் மனசு நோகாத தப்பா பார்த்துக் கண்டுபிடிங்க. 'நண்பர்' ஆனவங்களுக்குத்தான் வேலை நிரந்தரம்."

பாவம், அக்காவும் முயன்றார். சிலையின் மூக்கைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தார். பெயரும் மெல்ல ஏறியது. 'நண்பர்' ஆக இன்னும் ஒரு படிதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, விளையாட்டு வெளியே போக மூன்று நாள் இருக்கையில், என் மேசைக்கு வந்தார்.

"ஆட்டத்தைச் சேமிச்சிட்டு மறுநாள் திறந்தா கப்பலே இல்ல சார். சரக்கு, பேர் எல்லாமே போயிடுது. தீயணைப்பு தம்பி நேத்து கை வெச்ச இடம்."

"இதை எழுதிக் கொடுத்தா நீங்க நேரா எதிரிதான் அக்கா. வெளியீடு முடியட்டும், வேலை நிரந்தரமாகட்டும். அப்புறம் கண்டுபிடிங்களேன்."

"காசு கொடுத்து வாங்கறவங்க கப்பல் போயிடுமே?"

"போகட்டுமே. அப்புறம் ஆளுக்கொரு புதுக் கப்பல் இலவசமா கொடுப்போம். நம்ம பேர் இன்னும் ஏறும்."

அக்கா என் மேசையிலிருந்த என் மகளின் படத்தைக் கையில் எடுத்தார்.

"உங்க பொண்ணு சைக்கிளை நான் ஒளிச்சு வெச்சிட்டு, அவ அழுது முடிச்சப்புறம் கொண்டுவந்து கொடுத்தா, எனக்கு நன்றி சொல்லுவீங்களா சார்?"

"நான் சொல்ல மாட்டேன். திரை சொல்லும்" என்றேன், துறைத் தலைவனுக்கு உரிய நேர்மையுடன்.

அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் முறை ஆள் பார்த்துச் சலுகை காட்டாது. அடுத்த நிமிஷம் அவர் பெயருக்கு நேரே 'எதிரி' என்று விழுந்தது. தீயணைப்பு தான் செய்த தப்பைத் தானே ஒரு மணி நேரத்தில் சரிசெய்து உத்தமர் ஆனார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். எதிரிகளுக்கான வேலைநீக்க உத்தரவு தானாகவே தயாராகிவிடும். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். வாசல் கதவு திறக்கவில்லை. எதிரியை உள்ளே விடக்கூடாது என்று விதி எழுதியபோது, எதிரி ஏற்கெனவே உள்ளே இருந்தால் என்ன செய்வது என்று நாங்கள் யோசிக்கவில்லை.

"பேர் கொஞ்சம் ஏறினாத்தாம்மா திறக்கும்" என்றார் காவலாளி. "நிர்வாகத்தைப் பாராட்டி நாலு வரி போட்டுடுங்க. உடனே ஏறிடும்."

"இவங்களைப் பாராட்டினாத்தான் வெளிய போகலாம்னா, நான் இங்கயே உட்கார்ந்துக்கறேன்" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் காதுக்கு வந்ததும் நானே இறங்கிப் போய், என் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்தேன். திரையில் மணி அடித்தது. 'துன்பத்தில் இருந்தவருக்கு உதவினார்' என்ற வாசகத்தோடு நானும் உத்தமர் ஆனேன்.

அக்கா திரையை அண்ணாந்து பார்த்தார்.

"என் உத்தரவுல கையெழுத்துப் போட்டதுக்கு உங்களுக்கு எவ்வளவு குறைஞ்சுது சார்?"

"நாலு."

"கதவைத் திறந்ததுக்கு?"

"பத்து ஏறிச்சு."

"இது பெரிய தப்பு சார். எழுதிக் கொடுக்கத்தான் இனிமே உங்ககிட்ட ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.

எங்கள் முறையின் வெற்றிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இன்று இந்த அலுவலகத்தில் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பவர் ஒருவர்கூட இல்லை. இருந்த ஒருவருக்கும் நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்.