ஆமைக்குத் தலை மட்டும் பாக்கி, பெரியப்பா

பெரியப்பா பெரியப்பா பெரியப்பா, நான் ஃபுல் டைம் ஆயிட்டேன், ஒரு தெருவே எனக்குத்தான், முழுசா நாற்பது வீடு, வருஷம் பூரா வேலை, அதுவும் எந்தத் தெருன்னு சொன்னா நீங்க நாற்காலியிலிருந்து எழுந்து நின்னுருவீங்க!!!

மன்னிக்கவும். கடிதம் எழுதுவது எப்படி என்று நான் பார்த்த வீடியோவில் முதலில் மரியாதை, பிறகுதான் விஷயம் என்று சொன்னார்கள். பேனாவால் எழுதியதை அழிக்க முடியாது என்பது இப்போதுதான் தெரிகிறது. ஆகவே மறுபடியும் முதலிலிருந்து.

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு, தங்கள் தம்பி மகள் பைப்பு பணிவுடன் எழுதுவது. இங்கே நானும், அம்மாவும், அப்பாவும், என் மெஷினும் நலம். (மெஷினுக்குப் போன வாரம் ஓஸில் ஒரு சின்ன ஓட்டை. இப்போது தேவலை.) அங்கே நீங்களும், பெரியம்மாவும், உங்கள் இடது முழங்காலும் நலமா என்று அறிய ஆவல். தாங்கள் என்னை போனில் ப்ளாக் செய்து, குடும்ப குரூப்பிலிருந்து நீக்கி, கடைசியில் நாம் ஆன்லைனில் ஆடிக்கொண்டிருந்த செஸ் ஆட்டத்திலிருந்தும் வெளியேறிவிட்டதால் (நான்தான் ஜெயிக்க இருந்தேன்) பேப்பரைத் தவிர வேறு வழியில்லை. தபாலில் போடலாம் என்றுதான் போனேன். எங்கே போகிறது, எப்போது சேரும் என்று போனில் பார்க்க முடியுமா என்று கேட்டதற்கு அந்த ஜன்னல்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதனால் நானே நேரில் வந்து உங்கள் பெட்டியில் போட்டுவிட்டு ஓடிவிடுவதாக உத்தேசம்.

தாங்கள் தங்கள் நண்பரிடம் மூன்று முறை நடையாய் நடந்து வாங்கிக்கொடுத்த ஆபீஸ் வேலையை நான் நான்காம் மாதமே விட்டுவிட்டது தப்புதான். கேட்காமல் விட்டது அதைவிடத் தப்பு. பல மாதம் கழித்து விஷயம் தெரிந்ததும் போனில் தாங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “என் தம்பி பொண்ணு என்ன பண்றான்னு நாலு பேர் கேட்டா, தண்ணி அடிச்சுப் பிழைக்கிறான்னா சொல்லச் சொல்றே?” அதற்கு நான் சிரித்திருக்கக் கூடாது. அதோடு நீங்கள் வைத்த போன்தான், மூன்று வாரமாக எடுக்கவே இல்லை.

பெரியப்பா, இந்தத் தமிழ் எழுதக் கை வலிக்குது. இனிமே பேசற மாதிரியே எழுதறேன்.

நீங்க நினைக்கிற மாதிரி இது ஒண்ணும் விளையாட்டு இல்லை. பாசி பிடிச்ச நடைபாதையை ஒரே இழுப்புல வெள்ளையாக்கற வீடியோ நானூறு பாத்துட்டு, அடடா நம்ம வாழ்க்கை இதுதான்னு இறங்கினேனா, அந்த நானூறு வீடியோவிலும் கஸ்டமர்னு ஒருத்தர் வரவே இல்லைங்கறதை அப்ப நான் கவனிக்கலை. முதல் வீட்ல தண்ணியைப் பீய்ச்சி அடிக்கற மெஷினை இறக்கி வச்சதுமே அந்த வீட்டு சார் கேட்டாரு, “ஆள் எப்பம்மா வருவாரு?” நான்தான் சார் ஆள்னேன். “இல்லம்மா, இதைப் புடிக்கிற ஆளு?” நான்தான் புடிப்பேன்னேன். “சரி, அவர் வந்ததும் பெல் அடி”ன்னு உள்ள போயிட்டாரு. நான் வாசலைக் கழுவி முடிச்சு பெல் அடிச்சேன். வெளிய வந்து வாசலைப் பாத்துட்டு, “நல்லாப் பண்ணியிருக்காரே, எங்க அவரு?”ங்கறாரு. இன்னொரு வீட்டம்மா, “தண்ணி எங்க குழாய்ல வருது, கரண்ட் எங்க மீட்டர்ல ஓடுது, நடுவுல உனக்கு எதுக்கும்மா காசு?”ன்னு கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தா நியாயமாத்தான் இருந்துச்சு. அடுத்து ஒரு தையல்காரர் வீடு, பத்து வருஷமா சந்தனக் கலர்னு அவங்க நம்பிக்கிட்டிருந்த மதில் சுவர், நான் ஒரு ஓரமா அடிச்சதும் உள்ளேருந்து ஊதா வந்திருச்சு. சந்தனக் கலர்ல இருந்ததெல்லாம் அழுக்குதான். தையல்காரர் கடையிலேருந்து வந்தவரு வீட்டைத் தாண்டிப் போயிட்டாரு, திரும்பி வந்து மனைவிகிட்ட “இது நம்ம வீடா?”ன்னாரு. அந்தம்மா என்னைப் பாத்து, “பழையபடி பண்ணிக் குடுத்துரு”ன்னாங்க. அழுக்கை எப்படிங்க திருப்பி வைக்கறது? அதுக்கு ஒரு வீடியோவும் இல்லை, நான் தேடிப் பாத்துட்டேன்.

இது எல்லாத்தையும்கூடத் தாங்கிக்கலாம் பெரியப்பா. நிஜமான கஷ்டம் என்னன்னா, முடிவெட்டறவருக்கு மாசாமாசம் முடி வளருது, எனக்குப் பாசி வளர ரெண்டு வருஷம் ஆகுது. நல்லா வேலை பண்ணினா அந்த வீடு ரெண்டு வருஷத்துக்கு என்னை மறந்துரும். மழை பெஞ்சா, “மழையே கழுவிரும்மா”ங்கறாங்க. மழை இல்லைன்னா, “குடிக்கவே தண்ணி இல்லை, உனக்கு வேறயா”ங்கறாங்க. போற வர்ற மதில் சுவரெல்லாம் பாத்து, இன்னும் கொஞ்சம் கருக்கட்டும் கடவுளேன்னு வேண்டிக்கிட்டுத் திரியறேன். நான் வீடியோ போடற சேனல்ல எனக்கு நாற்பத்தேழு சப்ஸ்கிரைபர். அதுல பெரியம்மா மட்டும் ரெண்டு. (இது உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன். தெரியாத மாதிரியே இருந்துருங்க.) ஆபீஸ்லயே நான் இருந்திருந்தா இன்னேரம் எனக்கு ஒரு சுழல் நாற்காலி இருந்திருக்கும், இப்ப இருக்கறது ஈர சாக்ஸ்தான்னு அம்மா தினமும் சொல்றாங்க. அம்மா குடுத்த கெடு இந்த மாசக் கடைசி. அதுக்குள்ள நிலையான வேலைன்னு ஒண்ணைக் காட்டலைன்னா மெஷினை வித்துட்டு உங்க நண்பர் ஆபீஸ் வாசல்ல போய் நிக்கணும்.

அப்பதான் போன செவ்வாய்க்கிழமை ஒரு பல் டாக்டர் கூப்பிட்டாரு. போர்ட்டிகோ கழுவணும்னு லொகேஷன் அனுப்பினாரு. நானும் போனைப் பாத்துக்கிட்டே போனேனா, கடைசித் திருப்பத்துல போனைப் பாக்காமலே கால் தானா திரும்பிருச்சு. நம்ம வீடு பெரியப்பா! நீங்க ஆறு வருஷத்துக்கு முன்னாடி வித்த நம்ம வீடு! கேட் மாத்திட்டாங்க. ஆனா திறக்கறப்ப கீழ உரசி ‘க்ரீச்’னு அதே சத்தம். மாடிக்குப் போற படியில மூணாவது படி மூலை இன்னும் உடைஞ்சுதான் இருக்கு. நான் ஒண்ணுமே தெரியாத மாதிரி நின்னேன். டாக்டர் என்னை போர்ட்டிகோ நடுவுல கூட்டிக்கிட்டுப் போய்க் கீழ காட்டி, “இந்த ஆயில் கறைதாம்மா. முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போனது. என்ன வண்டி வச்சிருந்தாங்களோ, என்ன ஜென்மங்களோ. ஊரார் பல்லையெல்லாம் வெள்ளையாக்கறேன், இது என்கிட்ட அசைய மாட்டேங்குது”ன்னாரு.

ஆமை பெரியப்பா. நம்ம ஆமை. அதே வட்ட முதுகு, நாலு கால், குளியலறை ஜன்னல் பக்கமா நீட்டின தலை.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஞாயித்துக்கிழமைன்னா நீங்க லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ரேடியோவைப் படியில வச்சிருவீங்க. வண்டியை வெளிய தள்ளி நிறுத்துவீங்க. நான் ஓஸைப் புடிச்சுக்கிட்டு ஆமை மேல நிப்பேன், அதான் எனக்குப் பைப்புன்னு பேரு. நீங்க ஓஸ் வாயில கட்டை விரலை வச்சு அழுத்துவீங்க பாருங்க, அதுவரைக்கும் சோம்பேறித்தனமா ஒழுகிக்கிட்டிருந்த தண்ணி அப்படியே விசிறி மாதிரி விரிஞ்சு வெயில்ல வானவில் போடும். விரலைக் கொஞ்சம் நகர்த்தினா ஊசி மாதிரி பாயும், டயர் இடுக்குல இருக்கற சேறெல்லாம் தெறிச்சு ஓடும். இப்ப என் மெஷின்ல அஞ்சு கலர்ல நாசில் இருக்கு, அகலமா அடிக்க ஒண்ணு, கூரா அடிக்க ஒண்ணுன்னு. நீங்க அத்தனையையும் ஒரே கட்டை விரல்ல வச்சிருந்தீங்க. நான் முதன்முதலா ரசிகையானது எந்தச் சேனலுக்கும் இல்லை, அந்த விரலுக்குத்தான். வண்டி முடிஞ்சதும் ஆமைக்கு வருவீங்க. சோப்புத் தூள், மண்ணெண்ணெய், தேங்காய் நார், பெரியம்மாவோட பாத்திரம் தேய்க்கற கம்பி (அதுக்கு ஒரு வாரம் உங்களுக்குச் சாப்பாட்டோட திட்டும் விழுந்துச்சு). என்ன தேய்ச்சாலும் தண்ணி பட்டதும் ஆமை புதுசாப் பளபளன்னு சிரிக்கும். “பாரு, மறுபடி ஒழுகியிருக்கு! இந்த ஆமையை ஒழிக்காம நான் இந்த வீட்டை விட்டுப் போறதில்லை”ன்னு சொல்வீங்க. கடைசில ஆமை இருந்துச்சு, நாமதான் போனோம். இப்ப நாலாவது மாடியில உங்களுக்கு ஓஸும் இல்லை, வாசலும் இல்லை. பால்கனித் தொட்டிக்குச் சொம்புல தண்ணி ஊத்தறீங்கன்னு பெரியம்மா சொன்னாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். டாக்டர்தான் அந்தத் தெருச் சங்கத்துக்குச் செயலாளர். “இந்தக் கறை போச்சுன்னா தெரு முழுக்க உனக்குத்தான். வாரம் ரெண்டு வீடு, சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இரு”ன்னாரு. நாற்பதாவது வீட்டை முடிக்கறதுக்குள்ள முதல் வீட்ல பாசி இல்லைன்னாலும் புழுதி ரெடியா இருக்கும் பெரியப்பா, யோசிச்சுப் பாருங்க! நேத்து காலையில கறை எடுக்கற மருந்தை ஊத்தி ஊறவிட்டு, சுடுதண்ணியில அடிச்சேன். முதுகு போச்சு. பின்னங்கால் போச்சு. முன்னங்கால் போச்சு. கீழேருந்து சிமெண்ட் வெள்ளை வெளேர்னு வந்துச்சு, அந்தக் காலத்துல நானே பாக்காத தரை. தலைக்கு வந்தேன். மெஷினை நிறுத்திட்டேன்.

“என்னம்மா நிறுத்திட்டே? கரண்ட் இருக்கே?”ன்னாரு டாக்டர்.

“சார், மிச்சத்தை முடிக்கற ஆள் ஞாயித்துக்கிழமை வருவாரு.”

“ஆளா? அப்ப நீ யாரு?”

“நான் ஓஸ் புடிக்கறவ சார்.”

பெரியப்பா, இத்தனை மாசத்துல ஆள் வருவாருன்னு நானே என் வாயால சொன்னது இதுதான் முதல் தடவை. ஞாயித்துக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சங்கத்துக்காரங்க கறையைப் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள தலை போகலைன்னா வேலை வேற கம்பெனிக்குன்னு டாக்டர் கறாராச் சொல்லிட்டாரு. அதனால ஃபுல் டைம் ஆயிட்டேன்னு முதல் வரியில சொன்னேன்ல, அது முக்கால் பங்குதான். கால் பங்கு ஆமைத் தலையில இருக்கு. நான் அடிச்சா அஞ்சு நிமிஷம். ஆனா அது உங்க ஆமை. நீங்க சபதம் போட்ட ஆமை. காலையில ஏழு மணிக்கு வாங்க. மடிச்சுக் கட்ட லுங்கி கொண்டு வாங்க. வந்து ஒரு தடவை என் மெஷினைப் புடிங்க, அப்புறமும் இது வேலை இல்லைன்னு தோணினா நான் திங்கட்கிழமையே ஆபீஸ் போறேன், சத்தியமா. மெஷின் கனம்னு பயப்படாதீங்க, ஓஸை நான் புடிச்சுக்கறேன்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். தங்கள் முழங்கால் வலி தீரவும், தாங்கள் நீண்ட ஆயுளுடன் இருந்து என்னைத் தினமும் திட்டவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள (இனிமேல்)
பைப்பு

பின்குறிப்பு: இதை உங்க கட்டடத்துக்குக் கீழ, தபால் பெட்டி மேலேயே பேப்பரை வச்சு எழுதறேன். ஒண்ணு விட்டுப்போச்சு. பதினாறு வருஷமா விட்டுப்போச்சு. வண்டி ஒழுகவே இல்லை பெரியப்பா. எனக்கு அப்ப ஏழு வயசு. நம்ம வண்டியைப் பாக்கற மெக்கானிக் மாமா ஒரு ஆயில் டின்னை வச்சிட்டுப் போயிருந்தாரு. வண்டிக்குத் தாகமா இருக்கும்னு நினைச்சேன், வாய் எங்க இருக்குன்னு தெரியலை, கீழ படுத்துத் தேடினேன், டின் சாஞ்சிருச்சு. காலி டின் பின்பக்கக் கிணத்துல இருக்கு. ஈரம் பட்டா பழைய கறையும் புதுசு மாதிரித் தெரியும், அது இந்தத் தொழிலுக்கு வந்தப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நாமளே தண்ணி ஊத்தி நாமளே ஒழுகுதுன்னு சொல்லியிருக்கோம். மெக்கானிக் மாமா நாலு தடவை எஞ்சினைப் பிரிச்சுட்டு, “லீக்கே இல்லடா”ன்னு சொன்னது நிஜம். நீங்க, “அப்ப இது உங்க தாத்தா ஊத்தினதா?”ன்னு கத்தினப்ப நான் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துலேருந்து வாடா போடான்னு இருந்தவங்க, அன்னிக்கோட பேச்சே இல்லை. நீங்க பேசாம இருக்கறதுல எவ்வளவு கெட்டிக்காரர்னு இந்த மூணு வாரத்துல எனக்கும் தெரிஞ்சுது. கறையைப் பாத்தா எனக்கு ஏன் கை துறுதுறுங்குதுன்னு எல்லாரும் கேக்கறாங்கல்ல, இதான் காரணம். என் மெஷினைப் பழைய இரும்புலேருந்து பொறுக்கி எடுத்துச் சரி பண்ணிக் குடுத்தது அவர்தான். போறப்பல்லாம், “உன் பெரியப்பன் எப்படி இருக்கான்?”னு கேப்பாரு, “நான் கேட்டேன்னு சொல்லாதே”ம்பாரு. நேத்து அவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் ஒரே ஸ்பானரைத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம், “ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?”ன்னு மட்டும் கேட்டாரு.

என்னை எவ்வளவு நாள் வேணா ப்ளாக் பண்ணி வச்சுக்கோங்க. அவரை மட்டும் ப்ளாக்லேருந்து எடுத்து விட்ருங்க. வர்றதா இருந்தா பால்கனியில பச்சைத் துண்டைக் காயப் போடுங்க, நான் எதிர்ப்பக்கம் நின்னு பாத்துக்கறேன். பெரியம்மா, பெட்டியைத் திறக்கறது நீங்கதான், முதல்ல படிக்கறதும் நீங்கதான்னு எனக்குத் தெரியும். அழுது முடிச்சதும் அவர்கிட்ட ஷேர் பண்ணிருங்க.