பத்து மணிக்கு எடுக்கிறோம்

திண்டுக்கல்லில் இதுவரை பிறந்தவர்களிலேயே யாருக்காகவும் எதற்காகவும் முதுகை வளைக்காத ஒரே ஆள் முட்டியக்காதான். அரசியல்வாதிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தரையில் கிடக்கும் குண்டூசியை எடுப்பதென்றாலும் இரண்டு முட்டியையும் மடக்கி, முதுகை நிமிர்த்தி, லிஃப்ட் இறங்குவதுபோல இறங்குவார். எடுத்ததும் அதேபோல ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் முழந்தாளிடும் அழகைப் பார்த்த புதுப் பங்குச்சாமியார், இப்படியொரு பக்தியை எங்கும் கண்டதில்லை என்று பிரசங்கத்திலேயே சொன்னாராம். பக்தியெல்லாம் பிறகு, முதலில் இடுப்பு டிஸ்க்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ரெட்டியார்சத்திரம் போகிற சாலையில் ஒரு முதியோர் இல்லம் இருந்தது. நான் வேலை பார்த்த பூட்டுப் பட்டறையை மூடிவிட்டதால் அங்கே பராமரிப்பு ஊழியனாகப் போய்ச் சேர்ந்தேன். பெரியவர்களைக் குளிப்பாட்ட வேண்டும், ஊட்டிவிட வேண்டும், கட்டிலில் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கும் பாதுகாப்புப் பாடம் எடுத்தவர் முட்டியக்கா. வெங்காயப்பேட்டையில் மூட்டை தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவர். மதுரையில் ஆறு நாள் பயிற்சிக்குப் போய் ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்த நோட்டு அவர் ஒருவருக்குத்தான் புரியும் என்று முதலில் நினைத்தோம். ஒரு வாரத்தில் அந்த நம்பிக்கையும் போய்விட்டது.

முதல் வகுப்பிலேயே, நெருப்புப் பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தண்ணீர் ஊற்றுவோம் என்றோம். ஊற்றினால் தரை ஈரமாகுமே, பெரியவர்கள் வழுக்கி விழுவார்களே என்றார். அப்படியானால் ஊற்ற மாட்டோம் என்றோம். எரிந்துபோகுமே என்றார். கடைசி பெஞ்சிலிருந்த அந்தோணி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுந்தான்.

"ஊத்திட்டு, உடனே தொடச்சிருவோம்க்கா."

அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அதற்கு அதில் பதில் இல்லை. "சரி, உக்காரு. மதுரையில கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

ஈரத் தரைக்கு எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்பது இன்னொரு பாடம். பலகைக்கு எங்கே போவது? ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தரை நடுவில் போட்டு, 'ஈரம்' என்று எழுதிய சிலேட்டை அதில் சாய்த்து வைத்தார். காலி நாற்காலியைக் கண்டால் எங்கள் பெரியவர்கள் விடுவார்களா? கண்ணாடி போடாமல் வந்து, சிலேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஈரத்தில் நடக்காதே என்று சொல்வதற்காகப் போட்ட நாற்காலியில் உட்காரவே ஈரத்தில் நடந்து வந்தார்கள். மறுநாள் இரண்டு நாற்காலி போட்டுப் பார்த்தார். இரண்டு பேர் வந்தார்கள்.

வெந்நீரின் சூட்டை முழங்கையால்தான் பார்க்க வேண்டும் என்பார். அந்தப் பழக்கம் முற்றிப்போய், டீக்கடையிலும் கிளாஸை வாங்கியதும் முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உதட்டுக்குக் கொண்டுபோவார். ஒருவரைத் தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம். காது கேளாத ஒரு பெரியவரிடம் நான், அய்யா, உங்கள் இடது காலை நகர்த்தப் போகிறேன் என்று மூன்று தடவை கத்தினேன். எங்கே போகப்போகிறாய், சாப்பிட்டுவிட்டுப் போ என்றார் அவர்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சட்டம் ஒரு சொல்லைப் பற்றியது. 'தூக்கு' என்ற சொல்லை இல்லத்துக்குள் யாரும் சொல்லக் கூடாது.

"தூக்குன்னு வாய் சொன்னா முதுகு தானா வளையும் தம்பி. மனுசன் என்ன வெங்காய மூட்டையா? 'எடுக்கணும்'னு சொல்லிப் பழகுங்க."

பழகினோம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எடுத்தோம். நாற்காலியிலிருந்து குளியலறைக்கு எடுத்தோம். நாலாம் நம்பரை எடுத்தாச்சா, ஏழாம் நம்பரை எப்போது எடுக்கிறோம் என்று நாள் முழுக்க இதே பேச்சு. வெளியாள் கேட்டால் என்ன நினைப்பான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலாம் நம்பர் கட்டிலில் இருந்தவர் சித்தையன்கோட்டை அய்யா. மூன்று மகன்கள். கொண்டுவந்து விட்டுப் போனதோடு சரி, இரண்டு வருடத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அய்யா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். முதுகில் புண் வர ஆரம்பித்திருந்தது. இனி உட்கார வைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கட்டிலருகே ஆள் நெருங்கினாலே விழுந்துவிடுவேன் என்று அய்யா நடுங்கினார். மேனேஜருக்கு அவரைவிட அதிக நடுக்கம். கிழவர் இன்னொரு முறை விழுந்தால், முட்டியக்கா அன்றோடு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு அக்காவுக்கு வேறு எந்த வேலையும் கிடைக்காது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அக்கா அசரவில்லை. பத்து நாள் என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, நான்தான் அய்யா என்று பாவித்து எல்லாரையும் ஒத்திகை பார்க்க வைத்தார். ஆள் அசையாமல் படுத்திருப்பது எத்தனை கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் தடவை எடுக்கும்போது குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்று நோட்டில் இருந்தது. போன் பண்ணும் வேலை எனக்கு வந்தது.

மகன்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்துப் பலசரக்குக் கடைக்குத்தான் பேச வேண்டும். நான் பேசினேன்.

"அண்ணே, நாளைக்குப் பத்து மணிக்கு அய்யாவ எடுக்குறோம். மகன்மார வரச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் கடை ரேடியோவை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு கடைக்காரர் தணிந்த குரலில், "எப்ப ஆச்சு தம்பி?" என்று கேட்டார்.

முடிவு எப்போது ஆனது என்று கேட்கிறார் என்று நினைத்தேன். "நேத்தே ஆயிருச்சுண்ணே."

"ரொம்பக் கஷ்டப்பட்டாரோ?"

"ஆமாண்ணே, ரெண்டு மாசமா. இனிமே கஷ்டமில்ல."

எவ்வளவு அக்கறையான மனிதர் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

மறுநாள் காலை பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும். அந்தோணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அக்கா முன்னால். அய்யா அக்காவின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். உங்கள் காலைத் தரையில் வைக்கப் போகிறோம், இப்போது எழுந்திருக்கப் போகிறீர்கள் என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தார். அய்யா எழுந்தார், திரும்பினார், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

பார்த்தால் வாசலில் இரண்டு வேன் வந்து நிற்கிறது. நெய்க்காரப்பட்டிச் சம்பந்தி வீடு உட்பட அத்தனை சொந்தமும் அதிலிருந்து இறங்குகிறது. ஆளுக்கொரு மாலை. பின்னால் கொட்டுக்காரர்கள் நாலு பேர். பெண்கள் கேட்டிலேயே தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரியோடு ஓடி வருகிறார்கள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று நானும் பதறினேன்.

முட்டியக்கா கதவருகே போய்க் கையை நீட்டி மறித்தார். "தர ஈரமா இருக்கு. ஓடாம, பாத்து வாங்க."

அழுதுகொண்டு வந்தவர்கள் அழுகையை நிறுத்தி, சேலையைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு அடியாக வைத்து ஈரத்தைக் கடந்து, இந்தப் பக்கம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி அழ ஆரம்பித்தார்கள். அதே வேகத்தில் அறைக்குள் நுழைந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எதிரே அய்யா தலைசீவி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூத்த மகன் நீட்டிய ரோஜா மாலை நீட்டியபடியே இருந்தது.

அய்யா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"நான் உக்காந்ததுக்கா இம்புட்டுப் பேரு வந்தீக?"

போனில் நான் சொன்ன 'எடுக்குறோம்' அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அழுகாதீங்கத்தா, அதான் உக்காந்துட்டேன்ல" என்று அய்யா மருமகள்களைத் தேற்றினார். மகன் கையிலிருந்த மாலையை அவரே தலை குனிந்து வாங்கிப் போட்டுக்கொண்டார். கொட்டுக்காரர் ஒருவர் என் காதருகே வந்து, அடிக்கவா வேண்டாமா என்று கேட்டார். அது அய்யாவின் காதில் விழுந்துவிட்டது. வந்ததுக்கு அடிச்சுட்டுப் போங்கப்பா என்றார். அடித்தார்கள். இரண்டு வருடமாக வழி தெரியாதவர்கள் சாவு என்றதும் ஒரே நாளில் வேன் பிடித்து வந்திருக்கிறார்களே என்று எனக்கு வந்த கோபம், அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டது.

மேனேஜர் அறையில் மூத்த மகன் குதித்தார். உயிரோடிருக்கும் தகப்பனுக்கு மாலை வாங்க வைத்துவிட்டீர்கள், இந்தப் பொம்பளையை உடனே வேலையை விட்டு நிறுத்துங்கள் என்றார். போன் பண்ணியது நான்தான் என்றேன். அப்படிச் சொல்லப் பழக்கியது நான்தான் என்றார் அக்கா. மேனேஜர், சாயங்காலத்துக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

அக்கா எழுதினால் அந்த நோட்டு மாதிரி யாருக்கும் புரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக ஏற்பாடு. நான் நாலு பக்கத் தாளை எடுத்துக்கொண்டு, போன், கடைக்காரர், அந்தச் சொல், மன்னிப்பு என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன்.

"அதெல்லாம் எதுக்கு அப்பு? அய்யா விழுகலன்னு எழுது. கையெழுத்துப் போடுறேன்."

வேறொன்றும் சொல்ல மறுத்துவிட்டார். வேலை போய்விடும் அக்கா என்று கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் எழுதினேன். 'அய்யா விழவில்லை.' கீழே அவர் கையெழுத்து. மேனேஜர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவுதானா என்றார். வேறென்ன சார் நடந்தது என்று அக்கா நிஜமாகவே புரியாமல் கேட்டார். மேனேஜர் தாளை மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டு, போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

அந்த இல்லத்தில் நான் மொத்தம் ஐந்து வருடம் இருந்தேன். அக்கா பாடத்தில் பாதி எனக்கு இன்னும் குழப்பம்தான். வேலையை விட்டு ரொம்ப நாள் கழித்து, ஒரு விடியற்காலையில் என் அம்மா கொல்லைப்புறத்தில் விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்து எந்த ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டார். அம்மாவை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் மட்டும் ஏறி உட்கார்ந்து முட்டியக்கா வீட்டுக்கு வழி சொன்னேன்.