சாம்பிள் அண்ணனும் ஒரு பாட்டில் எண்ணெயும்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எத்தனையோ கம்பெனிகள், எத்தனையோ நாற்காலிகள். சாம்பிள் அண்ணன் உட்கார்ந்த நாற்காலி மட்டும் அதில் ஒன்றுகூடக் கிடையாது. டீயை நடந்துகொண்டே குடிப்பார். கேன்டீன் தட்டைக் கையில் ஏந்தி, ஜெனரேட்டரைச் சுற்றி வந்தபடியே சாம்பார் சாதத்தை முடிப்பார்.

எங்கள் கம்பெனியின் பெரிய டீசல் ஜெனரேட்டர் அவர் பொறுப்பு. நான் அவருக்குக் கீழே. இத்தனை மணி நேரம் ஓடினால் இன்ஜின் எண்ணெயை மாற்று என்பது புத்தகக் கணக்கு. அண்ணனுக்கு அது ஆகாது.

"மணி ஆச்சின்னு மாத்துறீங்களே, எண்ணெய் கெட்டுச்சான்னு யாருனா பாத்தீங்களா?"

இன்ஜின் சூட்டோடு கொஞ்சம் எண்ணெயைச் சாம்பிளாகப் பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்புவார். ரிப்போர்ட் சொன்னால்தான் மாற்றுவார். பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். ரிப்போர்ட் வரும்வரை அவர் நடக்கிற நடையைப் பிரசவ வார்டு வாசலில்கூட நான் பார்த்ததில்லை. லேபுக்காரர் அவர் நம்பரைப் பார்த்தாலே போனை எடுக்கமாட்டார்.

மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "இன்ஜினுக்கு ஏதாவது ஆச்சுன்னா, மறுநாள் நீ கேட்டுக்கு உள்ள வரக்கூடாது."

ஒருநாள் என்னைச் சாம்பிள் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு அண்ணன் ஸ்டோருக்குப் போனார். இன்ஜின் கொதிக்கிறது, வெளியே ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது. நான்தான் மகா புத்திசாலியாயிற்றே. பக்கத்திலிருந்த புது எண்ணெய் கேனிலிருந்து பாட்டிலை நிரப்பி, டப்பாவில் வைத்து ஒட்டி, கேட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ரிப்போர்ட் வந்தது. எண்ணெய் பிரமாதம், கரி இல்லை, தண்ணீர் இல்லை. மேனேஜர், "இப்போதைக்கு மாத்தவே வேணாம்" என்று சிரித்தார். அண்ணன் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நடந்தார்.

"இன்னாடா இது, இவ்ளோ நாள் ஓடின இன்ஜின்ல ஒரு பொட்டு கரிகூட இல்லியா? இது இன்ஜின்ல எடுத்ததுதானா?"

நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு அது போதும்.

நேரே மேனேஜரிடம் போய், "பாட்டில் மாறிப்போச்சி சார், என் தப்புதான். திரும்ப எடுக்கணும்" என்றார். மேனேஜர் அரை மணி நேரம் அவரை நிற்கவைத்துக் காய்ச்சினார். உட்காரச் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்கமாட்டார், அது வேறு விஷயம். மெமோவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவர், "இன்ஜின் சூடா கீது, வா" என்றார்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் எண்ணெயோடு, இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் கலந்திருந்தது. பிரித்துப் பார்த்தால், இரண்டும் கலக்காமல் தடுக்கிற கேஸ்கெட் விட்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் இன்ஜினும் போயிருக்கும், அண்ணன் வேலையும் போயிருக்கும். ஒரு பஸ்ஸுக்காக இப்படிச் செய்தேனே என்று இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான். அவரோ அதை யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் எனக்கு விடாத காய்ச்சல். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது வாலாஜாபாத் பக்கம் வேறு கம்பெனியில் இருக்கும் அண்ணன், எப்படியோ கேள்விப்பட்டு வந்துவிட்டார். அவர் வராந்தாவை அளந்த அளவில் நர்ஸுக்கே தலை சுற்றியது. ரிப்போர்ட் வந்தது, பயப்பட ஒன்றுமில்லை. அண்ணன் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னை முறைத்தார்.

"டேய், இது உன் ரத்தந்தானே?"

"என்னுதுதாண்ணா."

அப்புறம்தான் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.