ராப் பாடகரை அப்பவே தெரிந்தவர்

புகழ் பெற்ற ஒவ்வொருவருக்கும் பின்னால் ஓர் ‘எனக்கு அவனை அப்பவே தெரியும்’ இருப்பார். இந்த இனம் தானாக முளைப்பதில்லை. அடுத்தவர் வளர்ந்த பிறகுதான் முளைக்கும்.

நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று பஸ்ஸிலும் ஜிம்மிலும் பல் டாக்டரின் வரவேற்பறையிலும் அலறிக்கொண்டிருக்கிற அந்த ராப் பாடகன், ஒரு காலத்தில் இவருடைய படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவன். அவ்வளவுதான் உறவு. போதாதா?

“அட்டையில கடைசி வரி தெரியுதா?”

“தெரியலைங்க.”

“போன வாரம் ஒரு பொண்ணோட சேர்ந்து பாடினானே, கேட்டீங்களா? அவளுக்கு ரொம்ப இடம் கொடுத்துட்டான். நம்ம பையன்கிட்ட சொல்லணும்.”

மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எங்கே ஓடுவார்?

பாட்டு ஹிட்டானால் ‘நான் கொடுத்த தைரியம்’. ஊத்திக்கொண்டால் ‘என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்’. சினிமா இசையமைப்பாளரோடு சேர்ந்தால் ‘அவசரப்படுறான்’. வெளிநாட்டுப் பாடகரோடு சேர்ந்தால் ‘நான் நினைச்சதுதான்’. போன் நம்பர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “பெரிய ஆளாயிட்டான். நாமளா தொந்தரவு பண்ணக்கூடாது” என்பார் பெருந்தன்மையாக.

இதையெல்லாம் மனப்பூர்வமாக நம்பிய ஒரே ஜீவன் அவருடைய மகள். டிவியில் அவன் பேட்டி என்றதும் பள்ளித் தோழிகளைக் கூட்டமாக வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள்.

“எங்கப்பாவைப் பத்திக் கண்டிப்பா சொல்வாரு, பாருங்கடி!”

கடைக்காரர் டிவி ரிமோட்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். மகள் முன்னால் மானம் போனால் பிறகு எங்கே போய்த் தேடுவது? உண்மை தெரிந்த மனைவியோ சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பேட்டியில் முதல் ஹிட் எப்படிப் பிறந்தது என்று கேட்டார்கள். பாடகன் சிரித்தான்.

“பக்கத்து வீட்டுல கண்ணாடிக் கடை அங்கிள் ஒருத்தர். துணி அலமாரிக்குள்ள உக்காந்து ரெக்கார்ட் பண்ணுவேன். நான் வாயைத் திறந்தா போதும், ‘மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்காதடா!’ன்னு சுவத்துல டம் டம்னு இடிப்பாரு. ஒரு நாள் அதுவும் சேர்ந்து பதிவாயிருச்சு. போட்டுக் கேட்டா, தாளம் பிரமாதம்! அப்படியே வெச்சுட்டேன். நான் முதமுதல்ல சேர்ந்து பாட்டு பண்ணினது அவரோடதாங்க.”

தோழிகள் கொல்லென்று சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

“அப்பா, தைரியம் கொடுத்தேன்னு சொன்னது இதுதானா?”

மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

“இனிமே கடையில சொன்னீங்கன்னா, சுவத்தை இடிச்சதையும் சேர்த்துச் சொல்லணும். சரியா?”

“சரிம்மா.”

வாக்குத் தவறவில்லை. இப்போதெல்லாம் இடித்ததையும் சேர்த்தே சொல்கிறார், மேஜையில் தாளம் போட்டுக் காட்டி. முடிக்கும்போது மட்டும் கண்ணாடியைத் துடைத்தபடி ஒன்று கேட்கிறார்: “அன்னைக்கு நான் மட்டும் நிம்மதியாத் தூங்கியிருந்தா, இந்தப் பாட்டு வந்திருக்குமா?”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்கிறது. ஓங்கிய கையைக் கொஞ்சம் இறக்குங்கள். நாளைக்கு ‘எனக்கு அவனை அப்பவே தெரியும்’ என்று சொல்லப்போவது நீங்கள்தானே?